கொரியப் பலகை, ஸ்பானிஷ் பேச்சு: லாஸ் ஏஞ்சலஸ் கொரியாடவுன் நாட்குறிப்பு

பிப்ரவரி 11, 2025, செவ்வாய் – வில்ஷயர்

லாஸ் ஏஞ்சலஸில் கார் இல்லாமல் சுற்றக்கூடிய பேட்டைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கொரியாடவுன் அதில் ஒன்று. வில்ஷயர் சாலைக்கு அடியில் மெட்ரோ ஓடுகிறது. வெர்மான்ட், நார்மண்டி, வெஸ்டர்ன் என மூன்று நிலையங்கள். கவனிக்க வேண்டியது ஒன்று: வெர்மான்டில் பாதை பிரிகிறது. டி லைன் மேற்கே வெஸ்டர்ன் பக்கம் போகும். பி லைன் வடக்கே திரும்பி ஹாலிவுட்டுக்குப் போகும். யூனியன் ஸ்டேஷனிலிருந்து இரண்டும் ஒரே தண்டவாளத்தில்தான் வருகின்றன. வண்டியின் நெற்றியில் எழுதியிருப்பதைப் பார்க்காமல் ஏறியவர்கள் பெவர்லி நிலையத்தில் இறங்கித் திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள். டேப் கார்டு என்ற பயண அட்டை 2025 தொடக்கத்தில் 2 டாலர், ஒரு பயணம் 1.75. ஒரு நாளில் 5 டாலருக்கு மேல் பிடிக்கவில்லை.

மேலே ஏறி வந்தால் கண்ணுக்கு எட்டிய வரை கொரிய எழுத்து. பல் மருத்துவர், வக்கீல், வரிக் கணக்கர், சூட் தைப்பவர் என்று நாலு மாடிக் கட்டடத்துக்கு நாற்பது பலகை. ஆனால் பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்கள் பேசுவது ஸ்பானிஷ். கொரியாடவுனில் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கிறார்கள். நகரத்திலேயே மிக நெருக்கமான பகுதிகளில் ஒன்று. அவர்களில் பாதிக்கு மேல் மெக்சிகோ, குவாத்தமாலா, எல் சால்வடார் போன்ற நாடுகளிலிருந்து வந்த குடும்பங்கள். கொரியர்கள் மூன்றில் ஒரு பங்குகூடத் தேற மாட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸ் பெருநகர வட்டாரம் முழுவதும் சேர்த்தால் கொரியர்கள் மூன்று லட்சத்தைத் தாண்டுவார்கள்; பெரும்பாலோருக்கு இது குடியிருக்கும் இடமில்லை. கடை நடத்த, சாப்பிட, பேங்குக்குப் போக, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போக வருகிற இடம். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

இரவுச் சாப்பாடு சுந்துபு. பஞ்சு மாதிரியான டோஃபுவை மிளகாய்க் குழம்பில் கொதிக்கவிட்டுக் கல்சட்டியோடு கொண்டுவந்து வைக்கிறார்கள். 1996-இல் லீ ஹீ-சூக் என்ற பெண்மணி வெர்மான்ட் அவென்யூவில் தொடங்கிய பிசிடி டோஃபு ஹவுஸ்தான் இதை அமெரிக்கா முழுக்கக் கொண்டுபோனது. மேஜைக்கு வந்தவுடன் மூன்று வேலை செய்ய வேண்டும். குமிழி அடங்குவதற்குள் பச்சை முட்டையை உடைத்து ஊற்றி அடியில் தள்ளிவிட வேண்டும். அரை நிமிடம் தாமதித்தால் வெள்ளைக்கரு வழவழவென்று அப்படியே நிற்கும். கல்சட்டிச் சாதத்தைச் சுரண்டித் தனிக் கிண்ணத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். காலியான சட்டியில் வெந்நீரை ஊற்றி மூட வேண்டும். சாப்பிட்டு முடிப்பதற்குள் அடியில் பிடித்த சாதம் ஊறிக் கஞ்சியாகிவிடும். அதைக் கடைசியில் குடிப்பது வழக்கம். காரத்தில் உச்ச அளவைக் கேட்டாலும் நம் நாக்குக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "வெஜிடேரியன்" என்றால் தட்டில் இறைச்சித் துண்டு இருக்காது, அவ்வளவுதான். குழம்பின் தண்ணீர் நெத்திலியும் கடற்பாசியும் போட்டுக் கொதித்தது. கிம்ச்சியில் இறால் உப்பும் மீன் சாறும் உண்டு. குழம்புத் தண்ணீர் எதில் செய்தது என்று தனியாகக் கேட்க வேண்டும். ஒரு சாப்பாடு பதினேழு, பதினெட்டு டாலர். அதன் மேல் கிட்டத்தட்ட பத்து சதவீத வரி, அதற்கும் மேல் 18 சதவீத டிப்ஸ். மெனுவில் பார்க்கும் விலையோடு கால் பங்குக்கு மேல் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

பிப்ரவரி 12, புதன் – சந்தை, முழுநிலா

கொரியச் சாந்திரமான ஆண்டின் முதல் பௌர்ணமி இன்று. தேபோரம் என்கிறார்கள். வெஸ்டர்ன் அவென்யூ சூப்பர் மார்க்கெட்டுகளில் நுழைந்தவுடனே அதற்கென்று தனி மேஜை. ஒரு பக்கம் தோலோடு வேர்க்கடலை, வால்நட். காலையில் எழுந்ததும் பல்லால் கடித்து உடைத்தால் அந்த ஆண்டு கட்டி, சிரங்கு வராது என்பது நம்பிக்கை. இன்னொரு பக்கம் ஓகோக்பாப் என்ற ஐந்து தானியச் சோற்றுக்கான பொட்டலம். அதில் இருப்பது பசையரிசி, சோளம், தினை அல்லது பனிவரகு, கறுப்பு பீன்ஸ், சிவப்புக் காராமணி போன்ற ஒரு பயறு. தமிழ்நாட்டில் இவற்றில் பாதியை இப்போது "சிறுதானியக் கடை" என்று தனிப் பலகை மாட்டி விற்கிறார்கள்.

சமைக்கும் முறையைப் பொட்டலத்தின் பின்னால் கொரிய மொழியில் மட்டும் போட்டிருக்கிறார்கள். சுருக்கம் இது: சிவப்புப் பயறைத் தனியாக வேகவைத்து முதல் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், துவர்க்கும். இரண்டாவது தண்ணீரில் முக்கால் வேக்காடு வேகவைத்து, அந்தச் சிவந்த தண்ணீரையே உப்புப் போட்டுச் சோற்றுக்கு ஊற்ற வேண்டும். பசையரிசியை ஊறவைத்தால் வழக்கத்தைவிடத் தண்ணீர் குறைவாக வேண்டும். அதே அளவு ஊற்றினால் களியாகிவிடும். குக்கரில் தினையைக் கடைசியில் மேலே தூவுகிறார்கள், முதலிலேயே கலந்தால் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இதோடு வற்றல் கீரை, காய்கள். கத்திரி வற்றல், சுரைக்காய் மாதிரி ஒரு வற்றல், காய்ந்த முள்ளங்கி இலை, சேம்பின் தண்டு. கோசாரி என்ற பெரணிக் குருத்து மட்டும் கவனமாகக் கையாள வேண்டியது. வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, இரவு முழுக்கப் புதுத் தண்ணீரில் ஊறவைத்து, இடையில் மாற்றவும் வேண்டும். கசப்புக்காக மட்டுமல்ல, பச்சைப் பெரணியில் நச்சு இருக்கிறது. பிறகு பெரில்லா என்ற துளசிக் குடும்பச் செடியின் விதையிலிருந்து ஆட்டிய எண்ணெய், சோயா, பூண்டு போட்டு வதக்கினால் நம் பொரியலுக்கு அருகில் வந்து நிற்கும். மேஜையருகே நின்ற பாட்டி ஒருவர், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், கூடையில் கை விட்டுத் தடித்த தண்டுகளை ஒதுக்கி மெல்லியதை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தடித்தது எவ்வளவு ஊறினாலும் நார்தான்.

பான்சான் என்ற தொடுகறிகளுக்கான கவுன்ட்டர் பின்பக்கம். கிண்ணம் 5 டாலரிலிருந்து 8 வரை. மாலை ஏழுக்கு மேல் அன்றைய பொட்டலங்களில் விலைக் குறைப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். கவுன்ட்டருக்கு உள்ளே முட்டைக்கோஸை நாலாகப் பிளந்து உப்பு தடவிக்கொண்டிருந்த பெண்மணி மெக்சிகோவின் வாஹாகா மாநிலத்தவர். இலையின் அடித்தண்டுப் பக்கம்தான் உப்பு. நுனியில் போட்டால் வாடிவிடும். வாடிக்கையாளர் ஒருவர் கொரிய மொழியில் ஏதோ கேட்க, தலை நிமிராமல் அதே மொழியில், மரியாதை விகுதியோடு, பதில் வந்தது. அடுத்த மூச்சில் பக்கத்தில் நின்ற பையனுக்கு ஸ்பானிஷில் ஓர் அதட்டல். இங்கே சமையலறைகளில் இது அன்றாடக் காட்சி. ஆங்கிலம் மூன்றாவது மொழி, கல்லாவில் மட்டும்தான் தேவைப்படுகிறது.

பிப்ரவரி 13, வியாழன் – மழை

விடியும் முன்பே பிடித்த மழை இருட்டும் வரை விடவில்லை. ஜனவரித் தீயில் எரிந்த மலையடிவாரங்களுக்கு மண்சரிவு எச்சரிக்கை. கைபேசிகள் அலறிக்கொண்டே இருந்தன. இந்த ஊர்ச் சாக்கடைகள் மழைக்குப் பழகியவை அல்ல. நடைபாதையிலிருந்து ரோட்டுக்கு இறங்கும் இடமெல்லாம் கணுக்கால் அளவு தண்ணீர். பஸ்கள் இருபது நிமிடம், அரை மணி என்று தாமதம்; சுரங்க ரயில் மட்டும் ஒழுங்காக ஓடியது.

இப்படிப்பட்ட நாளுக்கு சொல்லங்தாங். மாட்டெலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்துப் பால் போல வெளுத்த சூப். வெஸ்டர்னை ஒட்டி 5-ஆவது தெருவில் இருக்கும் ஹான்பாத் கடையில் மெனுவே கிட்டத்தட்ட இது ஒன்றுதான். எந்தப் பாகத்து இறைச்சி என்பதை மட்டும் சொல்ல வேண்டும். பால் சேர்ப்பதில்லை. கொதி அடங்காமல் வைத்திருந்தால் கொழுப்பும் எலும்புச் சாறும் தண்ணீரோடு கலந்து வெளுக்கின்றன. தீயைக் குறைத்துவிட்டால் சூப் தெளிந்துபோகும். சமையலறையில் உப்பே போடுவதில்லை. முதல் வாய் சப்பென்று இருக்கும், பலர் அதோடு முகம் சுளித்துவிடுகிறார்கள். மேஜையில் உப்பு, நறுக்கிய வெங்காயத்தாள், மிளகாய்ப்பொடி இருக்கும். வெங்காயத்தாளைக் கைப்பிடி அள்ளிப் போட்டு, உப்பைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, முள்ளங்கிக் கிம்ச்சியின் சாற்றை இரண்டு கரண்டி ஊற்றினால் ருசி எழும்பும்.

மதியத்துக்கு மேல் ஜிம்ஜில்பாங், அதாவது கொரியப் பொதுக் குளியலறை. கட்டணம் 30 டாலருக்கு மேல். செருப்பை ஒரு பெட்டியில் பூட்டி, அந்தச் சாவியைக் கொடுத்தால் உடுப்பும் துண்டும் தருவார்கள். ஆண், பெண் தனித்தனித் தளங்கள். அங்கே துணியில்லாமல்தான் போக வேண்டும், நீச்சலுடைக்கு அனுமதி கிடையாது. கூச்சமிருந்தால் பொதுத் தளத்தோடு நின்றுவிடலாம். அங்கே அரைக்கால் சட்டையும் பனியனுமாக எல்லோரும் களிமண் அறை, உப்பு அறை, பனி அறை என்று மாறி மாறிப் படுத்திருப்பார்கள். உடம்பு தேய்த்துவிடக் கட்டணம் தனி. அதற்குமுன் வெந்நீர்த் தொட்டியில் இருபது நிமிடமாவது ஊற வேண்டும். ஊறாமல் போய்ப் படுத்தால் அழுக்கு உருளாது, தோல்தான் எரியும். தேய்ப்பவரும் "போய் ஊறிவிட்டு வா" என்று சைகை காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். தொட்டிக்குள் இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளிக்காதவரை மூத்தவர்கள் முறைப்பார்கள். முறைத்தும் புரியாவிட்டால் வாய்விட்டே சொல்வார்கள்.

பிப்ரவரி 14, வெள்ளி – ஜாபர் மார்க்கெட், ஒலிம்பிக் சாலை, கரி அடுப்பு

மழை விட்டுவிட்டது. காலையில் டவுன்டவுனின் தென்கிழக்கில் ஜாபர் மார்க்கெட், அதாவது சான் பெட்ரோ மொத்த விற்பனைச் சந்தை. பெண்கள் ஆடை மொத்த வியாபாரத்தின் பெரும்பங்கு கொரியர்கள் கையில். இவர்களில் ஒரு பகுதியினர் கொரியாவிலிருந்து நேரே வந்தவர்கள் அல்ல. பிரேசிலின் சாவ் பாவுலோவிலும் அர்ஜென்டினாவிலும் துணி வியாபாரம் செய்துவிட்டு வந்தவர்கள். அர்ஜென்டினாவிலிருந்து வந்த கடைக்காரர் தொழிலாளியோடு ஸ்பானிஷில் சரளமாகப் பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம். சில்லறைக்குத் தர மாட்டார்கள். விற்பனை உரிமச் சீட்டைக் காட்ட வேண்டும். ஒரு டிசைனில் ஸ்மால் 2, மீடியம் 2, லார்ஜ் 2 என ஆறு உருப்படி ஒரு "பேக்". பேக்கைப் பிரிக்கச் சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். ஒன்றிரண்டு வாங்க வந்தவர்கள் பக்கத்து சான்டீ ஆலிக்குப் போவது நல்லது.

மதியம் ஒலிம்பிக் சாலை. கொரியாடவுன் தொடங்கிய இடம் இதுதான். 1965 குடியேற்றச் சட்டம் ஆசியர்களுக்குக் கதவைத் திறந்தது. 1968-இல் இங்கே வந்த லீ ஹி-டக், 1971-இல் ஒலிம்பிக் மார்க்கெட் என்ற மளிகைக் கடையைத் தொடங்கினார். பிறகு கொரியாவிலிருந்து நீல ஓடு தருவித்து அரண்மனைச் சாயலில் ஓர் உணவகம் கட்டினார். இந்த ஓடு, கொரிய எழுத்துப் பலகை எல்லாம் வந்தால்தான் நகரம் இதை ஒரு பேட்டையாக மதிக்கும் என்பது அவர் கணக்கு. 1980-இல் மாநகராட்சி கொரியாடவுன் என்ற பெயரை ஏற்றுக்கொண்டது. அந்த உணவகக் கட்டடம் இன்றும் நிற்கிறது, ஓடும் இருக்கிறது. உள்ளே இப்போது நடப்பது கெலகெட்சா என்ற வாஹாகா உணவகம். கறுப்பு மோலே குழம்பு அங்கே பிரசித்தம். வற்றல் மிளகாயைக் கருக வறுத்து, எள், கொட்டைகள், சாக்லேட்டோடு அரைத்தது.

கடை தொடங்கப் பணம் எங்கிருந்து வந்தது? பேங்க் கடன் கிடைக்காத காலத்தில் கியேதான் முதல். நம் சீட்டுதான் இது. பதினைந்து பேர், மாதம் தலைக்கு ஆயிரம் டாலர் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு மாதமும் ஒருவர் பதினைந்தாயிரம் எடுப்பார். ஆனால் ஏலம் கேட்டுத் தள்ளி எடுப்பது மட்டும்தான் வழி என்றில்லை. வரிசை எண் கியேயில் முதலில் எடுப்பவர் ஆயிரத்துக்கு மேலும் கடைசியில் எடுப்பவர் ஆயிரத்துக்குக் கீழும் கட்டுவார்கள், அந்த வித்தியாசம்தான் வட்டி. சீட்டு பிடிப்பவர் பெரும்பாலும் சர்ச்சிலோ பள்ளித் தோழமையிலோ தெரிந்த ஒரு பெண்மணி. முதலில் எடுத்தவர் ஓடிப்போனால் பிடிப்பவர் கையைக் கடிக்கும். பிடிப்பவரே ஓடிப்போனால் எல்லோருக்கும் போச்சு. எழுத்து இல்லாததால் கோர்ட்டில் நிரூபிப்பது பெரும்பாடு. பின்னால் 1982-இல் ஹான்மி பேங்க் போன்றவை வந்தன. பல இணைப்புகளுக்குப் பிறகு 2016-இல் பேங்க் ஆஃப் ஹோப் உருவானது, அதன் தலைமையகம் வில்ஷயரில்.

இரவு 6-ஆவது தெருவில் கரி அடுப்பு. காதலர் தினம் என்பதால் சாப்மன் பிளாசாவில் ஒன்றரை மணி நேரக் காத்திருப்பு. பார்க்கிங், வண்டியை வாங்கி நிறுத்தித் தரும் வேலே ஆட்களிடம் மட்டும். சீட்டின் பின்பக்கத்தில் மூடும் நேரம் போட்டிருக்கும். அதைத் தாண்டினால் சாவியை அடுத்த கடைக் கல்லாவில் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஒரு ஜோடி நடுராத்திரியில் கடை கடையாக ஏறி இறங்கிச் சாவி தேடிக்கொண்டிருந்தது.

'எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம்' கடைகளில் தலைக்கு 30 முதல் 40 டாலர், குறைந்தது இருவர், இரண்டு மணி நேரம், மீதம் வைத்தால் அபராதம். கேட்கும் வரிசையில்தான் சூட்சுமம். முதலில் ச்சாதொல், சீவல் போன்ற மாட்டு நெஞ்சுக் கறி. இருபது விநாடியில் வெந்து, அடுப்புத் தட்டுக்கு எண்ணெயும் பூசிவிடும். அடுத்து சாம்க்யப்சல் என்ற பன்றி வயிற்றுக் கறி. கத்தரிக்கோலால் நறுக்கும்முன் இரு பக்கமும் பொன்னிறமாக வேண்டும், ஒரு தடவைக்கு மேல் திருப்பக் கூடாது. மசாலாவில் ஊறிய கல்பி கடைசி. அதில் சோயாவோடு சர்க்கரையும் பேரிக்காய்ச் சாறும் இருக்கிறது; முதலிலேயே போட்டால் கருகித் தட்டில் ஒட்டி, பிறகு வருவதெல்லாம் கசக்கும். தட்டு கறுத்தால் மாற்றச் சொல்லலாம், அதற்குக் காசில்லை. எல்.ஏ. கல்பி என்பது எலும்பின் குறுக்கே மெல்லியதாக ரம்பத்தில் அறுத்த விலாக்கறி. வீட்டில் செய்பவர்கள் அரை மணி குளிர்ந்த தண்ணீரில் போட்டு எலும்புத் தூளைக் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் பல்லில் நறநறக்கும்.

மூத்தவர் மது ஊற்றினால் கிளாஸை இரண்டு கையால் பிடிப்பார்கள், முகத்தைத் திருப்பிக் குடிப்பார்கள். கலிஃபோர்னியாவில் பீர், ஒயின் லைசென்ஸ் மட்டும் இருக்கும் கடையும் சோஜு என்ற கொரியச் சாராயத்தை விற்கலாம். 1998-இல் அதற்கென்று சட்டத்தில் விலக்கு வாங்கினார்கள். கொரியாவோடு சம்பந்தமே இல்லாத பார்களில்கூட சோஜு காக்டெயில் கிடைப்பது இதனால்தான்.

பிப்ரவரி 15, சனி – 3-ஆவது தெரு

நல்ல வெயில். 3-ஆவது தெருவில் அலெக்சாண்ட்ரியாவிலிருந்து நியூ ஹாம்ப்ஷயர் வரை "லிட்டில் பங்களாதேஷ்" என்று பலகை. பரோட்டா, பருப்பு, மீன் குழம்பு, கடுகெண்ணெய் வாசனை. வங்காளிகள் இந்தப் பகுதிக்குத் தங்கள் பெயரைக் கேட்டு மனுப் போட்ட பிறகுதான் கொரிய அமைப்புகள் விழித்துக்கொண்டு எல்லை வரையச் சொன்னன. 2010-இல் மாநகராட்சி இருவருக்கும் ஒவ்வொன்று கொடுத்தது. வெஸ்டர்ன், வெர்மான்ட், 3-ஆவது தெரு, ஒலிம்பிக் என்ற இன்றைய எல்லை அந்தத் தகராறில் பிறந்தது. அதுவரை கொரியாடவுனுக்குக் கோடு கிடையாது.

அதே தெருவில் மேற்கே நடந்தால் ஹோபார்ட் சந்திப்பு. 1992 கலவரத்தின்போது, ஏப்ரல் 30 இரவு, இங்கேதான் 18 வயது எட்வர்ட் ஜே சாங் லீ சுடப்பட்டு இறந்தார். கடைகளைக் காக்கப் போனவர். கொள்ளையர் என்று எண்ணி இன்னொரு கொரியத் தரப்பு சுட்டதில் போனார். ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்த போலீஸ்காரர்கள் விடுதலையாகிக் கலவரம் வெடித்த ஏப்ரல் 29-ஐ கொரியர்கள் சா-இ-கூ (4-2-9) என்கிறார்கள். 60 பேருக்கு மேல் இறந்தார்கள். 100 கோடி டாலர் சேதத்தில் சுமார் 40 கோடி கொரியர்களுடையது; 2,000-க்கு மேற்பட்ட கடைகள். போலீஸ் மேற்குப் பக்கத்துப் பணக்காரப் பகுதிகளைக் காக்கப் போய்விட்டது. ரேடியோ கொரியாவில் எந்தக் கடை எரிகிறது என்று நேரலையாகச் சொல்ல, கேட்டவர்கள் துப்பாக்கியோடு போய்க் கூரையில் நின்றார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில் தெற்கு லாஸ் ஏஞ்சலஸில், 1.79 டாலர் ஆரஞ்சு ஜூஸ் பாட்டில் தகராறில், 15 வயதுக் கறுப்பினச் சிறுமி லட்டாஷா ஹார்லின்ஸைக் கொரியக் கடைக்காரப் பெண்மணி பின்னந்தலையில் சுட்டார். சிறைத் தண்டனை இல்லை. கூரைப் படங்களை மட்டும் காட்டிக் கதை சொல்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். விட்டுவிட்டால் அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதே புரியாது. கடை எரிந்தவர்களில் பலரிடம் காப்பீடு இருந்தது, ஆனால் கலிஃபோர்னியாவில் உரிமம் இல்லாத வெளிநாட்டுக் கம்பெனிகளின் மலிவான பாலிசி. கைக்கு ஒன்றும் வரவில்லை. மதுக்கடையைத் திரும்பக் கட்டத் தனி அனுமதி வேண்டும் என்று நகராட்சி கூட்டம் போட்டு இழுத்தது. கடையை விட்டவர்கள் புறநகருக்குப் போனார்கள்.

பிப்ரவரி 16, ஞாயிறு – சர்ச், ப்யூனா பார்க்

கொரிய அமெரிக்கர்களில் பாதிக்கு மேல் கிறிஸ்தவர்கள், அதிலும் புராட்டஸ்டன்டுகள் அதிகம். பெரிய சர்ச்சுகளில் காலையிலிருந்து மூன்று நான்கு ஆராதனை. முதியோருக்குக் கொரிய மொழியில், இங்கே பிறந்தவர்களுக்கு ஆங்கிலத்தில், தனித்தனிக் கட்டடத்தில். புதிதாக வருபவரை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டுவார்கள். வேண்டாமென்றால் வாசலில் தரும் அட்டையை நிரப்பாமல் இருந்தால் போதும். முடிந்ததும் அடித்தளத்தில் சோறும் மாட்டெலும்புச் சூப்பும், சில இடங்களில் இலவசம், சில இடங்களில் இரண்டு மூன்று டாலர். வேலை, வாடகை வீடு, கியே, கல்யாணம் எல்லாம் பேசி முடிப்பது அந்த மேஜையில்தான். கும்பிட வந்தவர்களைவிட அதற்கு வந்தவர்கள் குறைவு என்று சொல்ல முடியாது.

பிறகு எல்லாக் கார்களும் தெற்கே. ஆரஞ்சு கவுன்ட்டியில் முதலில் கார்டன் குரோவ். 1970-களின் கடைசியில் வாடகை மலிவு என்று கடை போட்டார்கள். அடுத்த தலைமுறை நல்ல பள்ளிகளைத் தேடி ஃபுல்லர்டன், ப்யூனா பார்க், இர்வைன் என்று நகர்ந்தது. ப்யூனா பார்க்கின் பீச் பூல்வார்டுக்கு 2023-இல் கொரியாடவுன் என்ற பெயரே கிடைத்துவிட்டது. வில்ஷயரோடு ஒப்பிட்டால் பார்க்கிங் தாராளம், பலகை பளபளப்பு, நடப்பவர் எவருமில்லை. ஒவ்வொரு வணிக வளாகத்திலும் மாடியில் டியூஷன் சென்டர். கணக்கு, கட்டுரை, எஸ்.ஏ.டி. என்ற கல்லூரி நுழைவுத் தேர்வு. பிள்ளையை உள்ளே விட்டுவிட்டுக் கீழே சூப்பர் மார்க்கெட்டில் வண்டி தள்ளும் அப்பாக்கள் ஏராளம். ஃபுட் கோர்ட் சமையலறையில் மட்டும் இங்கேயும் அதே ஸ்பானிஷ்.

சைவச் சாப்பாட்டுக்குத் தவித்துப்போனால் ஆர்டீஷியாவின் பயனீர் பூல்வார்டு இங்கிருந்து காரில் கால் மணி நேரம், தோசை கிடைக்கும். ஊருக்குக் கிம்ச்சி வாங்குபவர்கள் கண்ணாடி ஜாடியைத் தொட வேண்டாம். பை கிம்ச்சியில் அன்று கட்டியதைத் தேதி பார்த்து எடுக்க வேண்டும், பழையது ஏற்கெனவே வாயு கட்டி உப்பியிருக்கும். இரண்டு ஜிப் பைகளில் காற்றை வெளியேற்றிப் போட்டு, நடுவில் பழைய துண்டு ஒன்றைச் சுற்றி, செக்-இன் பெட்டியில் மட்டும் வைக்க வேண்டும். கேபின் பையில் வைத்தால் சாறு 100 மில்லிக்கு மேல் என்று பாதுகாப்புச் சோதனையில் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள்.